கொசு வளர்க்கிறவள்

ஷோபனாவுக்குச் சென்னையில் என்ன வேலை என்று தெருவில் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். காலேஜில் டீச்சர் என்பார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை என்பார்கள் சிலர். பெற்ற தாய் காஞ்சனாவே, யாராவது விடாமல் கேட்டால், "பெரிய காலேஜில ஆராய்ச்சி பண்றாங்க இல்ல, அதுக்கு ஒத்தாசையா கீறா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழையின் பக்கமோ மாப்பிள்ளை பார்க்கிற பக்கமோ திருப்பிவிடுவாள். எம்.எஸ்சி. வரைக்கும் படிக்கவைத்த பெண் கொசு வளர்க்கிறாள் என்று வாயால் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

ஆனால் வேலை அதுதான். ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில், மாடிக் கடைசியில், சன்னல் இல்லாத ஓர் அறை. வெளியே மார்கழிப் பனி பெய்தாலும் உள்ளே மழைக்கு முந்தைய புழுக்கம் இருக்கவேண்டும் என்று ஹீட்டரும் நீராவிச் சட்டியும் வைத்திருந்தார்கள். சுவரோரம் வெள்ளை எனாமல் தட்டுகளில் தண்ணீர். தண்ணீரில் நெளிகிற புழு. புழு கூட்டுப்புழுவாகி, தோலைக் கிழித்துக் கொசுவாகிப் பறப்பதற்குள் அதை வலைக்கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஆண் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். பெண் கொசு முட்டை வைக்க ரத்தம் கேட்கும். ஆடு அறுக்கிற தொட்டியிலிருந்து வருகிற ரத்தத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, வாயில் மெல்லிய சவ்வு கட்டி, கூண்டின் மேல் ஷோபனா கவிழ்த்துவைப்பாள். கொஞ்ச நேரத்தில் சவ்வின் அடியில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். கறுத்த கால்களில் வெள்ளை வளையம் போட்ட கொசு. டெங்குக் காய்ச்சலைச் சுமந்து திரிகிறது அதுதான்.

ஊர் ஊராகப் புழு பிடித்து வந்து வளர்த்து, தண்ணீரில் விடுகிற மருந்துக்கு அது சாகிறதா, அல்லது மருந்து பழகிப்போய்விட்டதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி, துறைப் பேராசிரியையான மேடத்துடையது. அதை எழுதிப் பட்டம் வாங்கப்போகிறவன் சூர்யபிரகாஷ். வளர்ப்பது ஷோபனா. கொசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பொங்கல், தீபாவளி கிடையாது. விடிவதற்கு முன்னால் திருத்தணியில் ரயில் ஏறுவாள். அரக்கோணம் வரைக்கும் தூக்கம், அப்புறம் நிற்கிற கூட்டத்தின் முழங்கை. பெண்கள் பெட்டியில் தினமும் அவளுக்கு இடம் பிடித்துவைக்கிற ஓர் அம்மாள் இருந்தார். இரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டதில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் கூண்டுகளின் ரீங்காரம் தவிரச் சத்தமில்லை. நாள் முழுக்க ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் ஊர் திரும்புகிற நாட்களும் இருந்தன.

அவளுடைய வேலை இன்னது என்று தெரிந்து, அதைப் பற்றிக் கேட்கவும் செய்தவள் தெருவில் விஜி ஒருத்திதான்.

திருத்தணிக் கோயில் மலைக்குப் பின்புறம், படிக்கட்டுக் கூட்டத்தின் சத்தம் எட்டாத இடத்தில் இருந்தது அந்தத் தெரு. வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையில் ஆரம்பித்தால் கரண்டு போகிற வரைக்கும் லுங்கி ஓடிக்கொண்டிருக்கும். ஷோபனாவின் அப்பா கோதண்டம் இரண்டு தறி வைத்திருந்தார். பாவும் நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குவது பக்கத்து வீட்டுக் கஜபதி. அந்தக் கஜபதியின் தம்பி குமரவேலுக்கு மணவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான் விஜி. வந்த புதிதில் தறிச் சத்தம் காதுக்குள்ளேயே நிற்கிறது என்று சொல்லி அழுவாள். ஷோபனா அவளை ரயிலடி வரைக்கும் நடத்திக்கொண்டு போய்வருவாள். அப்படி ஒட்டிக்கொண்ட சிநேகம். விஜிக்கு ஒரே பெண், சினேகா. ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில் மேடம், "வெளியூர் போறதுக்கு வண்டி கிடைக்கல. நீங்க உங்க ஊர்லயே கொஞ்சம் எடுத்துட்டு வந்துடுங்களேன்" என்றார். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லமுடியாத காலம். வீட்டுக்கு வீடு டிரம்மும் தொட்டியும் நிரம்பியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷோபனா டார்ச்சு விளக்கும் ரப்பர் குமிழ் வைத்த உறிஞ்சுகுழாயும் பாட்டில்களுமாகக் கிளம்பினாள். டார்ச்சைப் பிடிக்கிற வேலையை சினேகா எடுத்துக்கொண்டாள்.

விஜி வீட்டுப் பின்பக்கம், தறிக் கொட்டகையின் நிழலில், நீல டிரம் ஒன்று இருந்தது. வாயில் பழைய லுங்கித் துணி கட்டியிருந்தார்கள். துணி நடுவில் கிழிந்திருந்தது. விளக்கடித்ததும் உள்ளே புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்து அடியை நோக்கி இறங்கின.

"விஜி, இங்க வந்து பாரு."

"இன்னாடி. தண்ணிதானே."

"தண்ணியில இன்னா கீதுன்னு பாரு."

விஜி எட்டிப் பார்த்தாள். "இது எப்பவும் கீறதுதான். வடிகட்டிக்கினுதானே மொள்றோம்."

"வடிகட்டினா ஆவாது. இது கடிச்சாத்தான் டெங்கு வரும். மொத்தத்தையும் கொட்டிட்டு உள்சொவுத்த நாரு போட்டுத் தேய்க்கணும். முட்டை அங்கதான் ஒட்டிக்கினு இருக்கும்."

"கொட்டறதா? நல்லா சொன்ன போ. அடுத்த தண்ணி எப்ப வுடுவாங்கன்னு யாருக்குத் தெரியும். ஒரு சொம்பு சிந்தினாலே எங்க மாமியாரு தெருவக் கூட்டும். டிரம்ம கவுத்தேன்னா அப்பறம் என்னையும் அதோட கவுத்துடும்."

"சரி, துணியாவது புதுசா கட்டு. இறுக்கமா."

"கட்றேன் கட்றேன். கொஞ்சம் மழை வரட்டும், கொட்டிட்டுத் தேய்ச்சுடறேன்."

சினேகா விளக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, உறிஞ்சுகுழாயில் ஏறுகிற புழுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இத்த எங்க எட்த்துக்கினு போற?"

"சென்னைக்கு."

"ரயில்லயா?"

"ஆங், ரயில்லதான்."

"அதுங்களுக்கு டிக்கெட்டு வாங்கணுமா?"

"சின்னப் புள்ளைங்கதானே. வேணாம்."

அந்தப் பாட்டில் புழு நன்றாகப் பிழைத்துக்கொண்டது. மற்றத் தெருக்களிலிருந்து வந்ததெல்லாம் பாதிக்குமேல் செத்துப்போக, இது மட்டும் கூண்டு நிறையப் பெருகியது. சூர்யபிரகாஷ் அதற்கு நான்காம் எண் கொடுத்தான்.

புரட்டாசியில் ஒரு தடவை, மதில் மேல் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் நின்றபடி, ஷோபனா மதிலுக்கு அப்பால் நின்ற விஜியிடம் மறுபடியும் கேட்டாள், டிரம்மைக் கழுவினாயா என்று. "பெரிம்மா, பாத்தியா உன் பொண்ண? எங்க வூட்டு டிரம்மு மேலயே கண்ணு" என்று விஜி சிரித்தாள். காஞ்சனாவும் சிரித்தாள். அத்தோடு போயிற்று.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் காய்ச்சல் வந்து போயிற்று. சினேகாவுக்கும் வந்தது. ஷோபனா அன்று இரவு ரயில் இறங்கி நேரே போய்ப் பார்த்துவிட்டு, ரத்தம் பார்க்கச் சொன்னாள். பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்கள். அப்புறம் காய்ச்சல் விட்டது. விட்டதும் வீடே மூச்சு விட்டது. குழந்தை ஒரு வாய் இட்லி தின்றாள் என்று விஜி போனில் சொன்னாள். காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய நேரம் என்று ஷோபனா சொல்வதற்குள் மாமியார் கூப்பிட்டு போன் கட்டாகிவிட்டது. மறுநாள் குழந்தைக்கு வயிற்று வலி. கையும் காலும் சில்லிட்டுவிட்டன. திருத்தணி ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது ஆம்புலன்சில்.

ஷோபனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது விஜி அழவில்லை. நிமிர்ந்து ஷோபனாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை. திருடிவிட்டுப் பிடிபட்டவள் பார்க்கிற பார்வை அது. சொல்லிவிடாதே என்று கேட்கிற பார்வை. ஷோபனா அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். விஜி முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காரியம் முடிந்த பிறகுதான் பேச்சு கிளம்பியது. கிளப்பியவள் விஜியின் மாமியார் தாயம்மாள். பேத்தியைத் தூக்கிக்கொடுத்தவள், அவளுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து உட்கார முடியவில்லை. ஆடி மாசத்தில் அந்தப் பெண் எங்கள் டிரம்முக்குள் பாட்டிலை விட்டு என்னவோ செய்துகொண்டிருந்தது என்றாள். அவள் கொசுதான் வளர்க்கிறாளாம் என்று இன்னொருவர் சொன்னார். ரயிலில் பையில் வைத்துக் கொண்டுபோவதைப் பார்த்தேன் என்றார் வேறொருவர். எங்கேயோ ஆராய்ச்சிக்காகக் கொசுவை ஊருக்குள் விடுகிறார்கள் என்று யாருடைய போனிலோ வந்திருந்தது. அது தெரு முழுக்கக் கைமாறியது.

ஒரு சாயங்காலம் கஜபதி நாலு பேரோடு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கோதண்டம் மாமா, உன் பொண்ணக் கொஞ்சம் கூப்புடு."

கோதண்டம் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "இன்னா கஜபதி. உள்ள வா."

"இருக்கட்டும். ஏம்மா ஷோபனா, நீ சென்னையில இன்னா வேலை பண்ற?"

"புராஜெக்ட் அசிஸ்டெண்டுங்க."

"அதெல்லாம் எனக்குப் புரியாது. கொசு வளக்கறியா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"வளக்கறேன்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கஜபதியின் கண் சிவந்திருந்தது. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது ஷோபனாவுக்கு.

"எங்க டிரம்முல இன்னா பண்ண?"

"புழு எடுத்தேங்க. எதையும் போடல. எடுத்தேன், அவ்ளோதான்."

"சரி, எடுத்த. நான் நம்பறேன். படிச்ச பொண்ணு, பொய் சொல்லமாட்ட. எடுத்தவ எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? இந்த மாதிரி புழு கீது, இது ஆவாது, கொட்டிடுங்கன்னு? உனுக்குத் தெரியும் இல்ல, அது இன்னா புழுன்னு? நீ சொல்லியிருந்தா எங்க கொயந்தை போயிருக்குமா?"

கஜபதியின் தோளுக்குப் பின்னால், அடுத்த வீட்டு வாசற்படியில் விஜி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். பக்கத்தில் குமரவேல். கொஞ்சம் உள்ளே தள்ளி, இருட்டில், தாயம்மாள்.

காஞ்சனா, "நீ இன்னா பேசற கஜபதி, அவ வந்து" என்று ஆரம்பித்தாள். ஷோபனா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்துகிற அளவுக்குப் பிடித்தாள்.

"சொல்லலீங்க" என்றாள். "சொல்லியிருக்கணும்."

கஜபதி கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். "மாமா, பாவு முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்க. எங்க அம்மாவுக்கு இந்த வூட்டோட கொடுக்கல் வாங்கல் வெச்சிக்கினா மனசு ஆறாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்குள் வந்ததும் காஞ்சனா கையை உதறிக்கொண்டாள்.

"ஏண்டி, உனுக்கு இன்னா பித்தா? நீ சொன்னத நான் ரெண்டு காதால கேட்டேனே. மொளகா காயவெச்சிக்கினு இருந்தேனே. அவதான சிரிச்சா."

"ஆங். சிரிச்சா."

"அப்ப சொல்றதுக்கு இன்னா? நான் போய்ச் சொல்றேன். இப்பவே போறேன்."

"போம்மா. போய்ச் சொல்லு. சொல்லிட்டா நம்ம மேல பழி போயிடும். அப்பறம் அந்த வூட்டுல அவ இன்னா ஆவா? 'உங்கிட்ட சொன்னாளாமே, கேட்டுக்கினு சும்மா இருந்தியா'ன்னு அந்தம்மா தினம் கேக்கும். குமரவேல் அண்ணன் வாயத் தொறந்து கேக்கமாட்டாரு. ஆனா அவ மூஞ்சியப் பாக்கமாட்டாரு. புள்ளயக் கொடுத்தவம்மா அவ."

"அவ சொல்லட்டுமே. 'சொன்னா, நாந்தான் கேக்கல'ன்னு ஒரு வார்த்தை. நின்னுக்கினு பாத்தாளே, கல்லு மாதிரி."

ஷோபனாவுக்குள்ளும் அந்தக் கேள்விதான் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய மனதோடு ஒன்றும் அவள் அப்படிச் சொல்லிவிடவில்லை. விஜி இறங்கி வருவாள், தானே சொல்வாள் என்று அந்தக் கணத்தில் ஒரு நப்பாசை இருந்தது. விஜி வரவில்லை.

கோதண்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தறிப்பலகையில் உட்கார்ந்திருந்தார். "உங்கிட்ட ஞாயம் கீது பாப்பா. எனக்குத் தெரியுது. ஆனா ஞாயத்த வெச்சி தறி ஓட்ட முடியாது."

"நைனா, நான் வேணும்னா போய்ச் சொல்லிடறேன்."

"வேணாம். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். செத்த வூட்டுல போய்க் கணக்குத் தீக்கக் கூடாது."

பாவு முடிந்தது. அதன் பிறகு தெருவில் எல்லா வீட்டிலும் சத்தம் இருக்க, அவர்கள் வீட்டில் மட்டும் இல்லை. கோதண்டம் காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுப் பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்கம் யாருடைய கொட்டகையிலோ கூலிக்கு ஓட்டிவிட்டு வந்தார். தன் தறியை விட்டு அடுத்தவன் தறியில் நிற்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது மட்டும் கொஞ்சம் முனகுவார். காஞ்சனா குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கும். ஷோபனா தெருவில் நடந்தால் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். டிரம்முகளையெல்லாம் கவிழ்த்துவைத்திருந்தார்கள் என்பதையும் அவள் பார்த்தாள்.

சென்னையில் இதை யாரிடம் சொல்வது? ஒரு நாள் சூர்யபிரகாஷ் குறிப்பெடுக்க அறைக்குள் வந்தபோது சொன்னாள். "எங்க தெருவுல டெங்குல ஒரு குழந்தை செத்துப்போச்சு."

"அச்சச்சோ" என்றான் அவன். உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு கொஞ்சம் யோசித்து, "நம்ம நாலாம் கூண்டு உங்க தெருவுலேருந்து வந்ததுதானே?" என்றான்.

"ஆமா."

"அப்ப அது ரொம்ப முக்கியங்க. மருந்துக்கு அதுதான் ரொம்பத் தாங்குது. மேடம் அடுத்த வருஷமும் அதை வெச்சுத்தான் பண்ணப்போறாங்க. விட்டுடாமப் பாத்துக்கங்க, ப்ளீஸ்."

அவன் போன பிறகு அவள் ரத்தக் கிண்ணத்தைச் சுடவைத்தாள். நாலாம் கூண்டின் மேல் கவிழ்த்தாள். மூலையில் தொங்கிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. வயிறு சிவந்து உப்புகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விஜி வீட்டுத் தண்ணீரில் பிறந்தவற்றின் வாரிசுகள். சுவரில் ஒரு தடவை கூண்டை அடித்தால் போதும், அல்லது பஞ்சை நனைக்க மறந்தால் போதும். மறக்கவில்லை. வேலை தெரிந்த கை அது. மனம் என்ன நினைத்தாலும் நேரத்துக்குப் பஞ்சை நனைத்தது, தட்டில் தண்ணீர் மாற்றியது. அழுகை வந்தபோது அறையின் புழுக்கத்தில் அதுவும் வியர்வையோடு சேர்ந்துகொண்டது. யாரும் வந்து பார்க்கிற இடமில்லை அது.

கார்த்திகை தீபம் கழிந்து ஒரு விடியற்காலை. பிளாட்பாரத்தில் பெண்கள் பெட்டி நிற்கிற இடத்தில் ஷோபனா நின்றிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தாள் விஜி. தலையில் முக்காடு.

"எங்க போற?" என்றாள் ஷோபனா. எத்தனையோ நாள் மனதுக்குள் கோபத்தோடு பேசிப் பார்த்த பேச்சில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அம்மா வூட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

ரயில் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். இடம் பிடித்துவைக்கிற அம்மாள் ஒதுங்கிக் கொஞ்சம் இடம் கொடுத்தார். அரக்கோணம் வந்தது, போயிற்று. மணவூர் வந்தது. விஜி சன்னலில் தன் ஊர் ஸ்டேஷன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகு சொன்னாள்.

"எங்க டிரம்முலேருந்து எட்த்துக்கினு போனியே. அதுங்க இன்னும் உசிரோட கீதா?"

ஷோபனா பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். "அதுங்க செத்துப்போச்சு. அதுங்களோட பேரப் புள்ளைங்க கீது" என்றாள்.

"நான் பாக்கணும்."

"வேணாம் விஜி."

"பாக்கணும்."

அந்நிய ஆளை அறைக்குள் விடக்கூடாது என்று விதி. மேடம் அன்று ஊரில் இல்லை. ஷோபனா வெள்ளைக் கோட்டு ஒன்றை விஜிக்கு மாட்டிவிட்டு, கதவைத் திறந்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சாத்தினாள். விஜி புழுக்கத்தில் ஒரு கணம் மூச்சுத் திணறி நின்றாள். பிறகு கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்காம் கூண்டை ஷோபனா காட்டவேண்டியிருக்கவில்லை. அதில் பென்சிலால் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது.

விஜி குனிந்து வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். மூச்சுக் காற்று பட்டதும் கொசுக்கள் அவள் முகத்துக்கு நேரே வலையில் வந்து உட்கார்ந்தன. அவள் விலகவில்லை.

"எம்மாம் சின்னது" என்றாள்.

விஜி வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுங்கள எல்லாத்தையும் கொன்னுடணும்னு வந்தேன். ரயில்ல அத்தத்தான் நெனச்சிக்கினு வந்தேன். இப்பத்தான் தோணுது. நீ எட்த்துக்கினு வந்தது எம்புள்ளயக் கடிக்கல. எப்படிக் கடிக்கும்? நீதான் எட்த்துக்கினு வந்துட்டியே. நான் டிரம்முல வுட்டு வெச்சதுதான் கடிச்சிது."

"அப்பிடிச் சொல்லாத. எந்த வூட்டுத் தொட்டியிலேருந்து வந்த கொசுன்னு யாராலயும் சொல்ல முடியாது. தெருவெல்லாம் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல கடிச்சிருக்கலாம். என்னாலயே சொல்ல முடியாது விஜி, மேடத்தாலயும் முடியாது. சத்தியமா."

"நீ சொன்ன இல்ல? கொட்டச் சொல்லி. ரெண்டு தடவ."

ஷோபனா அவளைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது. வந்து கையில் விழுந்ததும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"சொன்னேனா?" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்ல. தேய்க்கணும்னு பொதுவா எல்லார்கிட்டயும் சொல்லுவேன். உங்கிட்ட அழுத்திச் சொல்லல. சொல்லியிருந்தா நீ செஞ்சிருப்ப."

விஜி வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. பிறகு அறை மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில் அழாத அழுகை. ஷோபனா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டுகளில் தண்ணீர் மாற்றுகிற நேரம் தாண்டிப் போயிற்று.

"உன் வேலையப் பாரு" என்றாள் விஜி கடைசியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஷோபனா வேலையைப் பார்த்தாள். விஜி முக்காலியில் உட்கார்ந்தபடி, அவள் தட்டு தட்டாக நீர் மாற்றுவதையும், கூட்டுப்புழுவைச் சின்னக் கிண்ணத்தில் பிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஷோபனா கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து தின்றார்கள். "பெரிம்மா கை" என்றாள் விஜி. அவ்வளவுதான் பேச்சு.

சாயங்கால ரயிலில் கூட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தார்கள். திருத்தணியில் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. மலைமேல் கோயில் விளக்குகள் ஈரத்தில் கலங்கித் தெரிந்தன. படியிறங்கி வெளியே வந்ததும் விஜி நின்றாள்.

"கோதண்டம் பெரிப்பா பள்ளிப்பட்டுக்குப் போறாராமே."

"ஆங்."

"எங்க மச்சாண்டாருகிட்ட நான்" என்று கஜபதியைக் குறிப்பிட்டுத் தொடங்கினாள். முடிக்கவில்லை. "எனக்குத் தெம்பு இல்ல ஷோபா. இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்."

"போவட்டும்."

"நீ முன்னாடி போ. நான் அப்பறமா வர்றேன். ரெண்டு பேரும் சேந்து போனா..."

"தெரியும். நனையாத. கடை ஓரமா நில்லு."

ஷோபனா குடையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தூறலில் நடந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும், முனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். டீக்கடை ஓரத்தில் விரிக்காத குடையோடு விஜி நின்றுகொண்டிருந்தாள். தெருவுக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தாயம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தவள் ஷோபனாவைக் கண்டதும் எழுந்து உள்ளே போனாள்.

காஞ்சனா துண்டோடு வாசலுக்கு வந்தாள். "எங்க குடை?"

"ரயில்ல வுட்டுட்டேன் போல."

மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே காஞ்சனா அவள் முகத்தைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் இத்தனை நாளாக இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்த மாதிரியும் இருந்தது.

"யாரு கூடயாவது பேசிக்கினு வந்தியா?"

"இல்லம்மா" என்றாள் ஷோபனா. "தனியாத்தான் வந்தேன்."